நீங்கள் வருமட்டும் நிப்பன்

பின்னேரம் நாலரை மணி. உறிமலைக்குப் போகிற கிரவல் வீதி. இரண்டு பக்கமும் பாலையும் வீரையுமாகக் காடு, நடுவில் செம்மண் புழுதி. ஒரு சனம் இல்லை...

ஓம், நாளைக்கு விடிய நீங்கள் எல்லாரும் சப்பாத்துக் கட்டிக்கொண்டு ஏறப்போகிற அதே உறிமலைதான். கிருஷாந்த், சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடு. இடையில் சிரித்தால் எனக்குக் கதை ஓடாது. மற்றவர்கள் அந்த ரோச் லைற்றை அணைத்துவிட்டுக் கிட்ட வந்து இருங்கள். பற்றரி நாளைக்குத் தேவைப்படும்.

இது நடந்தது எங்கள் சிவாஜினியின் அண்ணிக்கு. பெயர் ஜெயரூபி. பாலையூற்றில் வீடு, கச்சேரிக் கந்தோரில் வேலை. பேய் பிசாசு என்றால் பகிடி பண்ணுகிற ஆள். சிவாஜினியின் அண்ணன் தர்சன்தான் அந்த வீட்டில் பயந்தவன், இரவில் கிணற்றடிக்குப் போவதற்கும் அவளைத்தான் கூப்பிடுவான்.

உறிமலையை முந்தி ஒருவரும் தேடிப் போனதில்லை. ஆரோ ஒருவன் உச்சியில் நின்று வீடியோ எடுத்துப் போட்டான். துறைமுகம் முழுக்கத் தெரிகிறது, கப்பல்கள் தெரிகின்றன, அந்தப் பக்கம் மூதூர்க் கரைகூடத் தெரிகிறது. அவ்வளவுதான். அடுத்த கிழமையே கொழும்பிலிருந்து வாடகை வான் வானாகச் சனம் வந்து இறங்கிவிட்டது. பாட்டுப் பெட்டி, பிரியாணிப் பார்சல், சொப்பின் பை... மேலே பாறைக்குக் கீழே கருங்குளவிக் கூடு. சென்ற் அடித்துக்கொண்டு போய் அதற்குக் கீழே நின்று கூவுகிறார்கள். குளவி சும்மா விடுமா?

அதனால்தான் ஜெயரூபியும் இன்னும் சில பேரும் ஒரு சின்னக் கூட்டமாகச் சேர்ந்தார்கள். சனி, ஞாயிறில் அடிவாரத்துப் பாலை மரத்தடியில் தறப்பாள் கட்டி, இரண்டு கதிரை போட்டு இருப்பார்கள். 'கொண்டு போனதைத் திரும்பக் கொண்டு வாருங்கள்' என்று ஒரு பனர். வருகிற ஒவ்வொரு கூட்டத்தையும் மறித்து விளக்கம் சொல்வார்கள். குளவி இருக்கிறது, சத்தம் போடாதீர்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு ஏறாதீர்கள், யானை இறங்குகிற நேரம். குப்பையைக் கீழே கொண்டு வாருங்கள். காசு கொடுத்து வான் பிடித்து வந்தவனுக்குப் புத்தி சொல்வது லேசுப்பட்ட வேலையா? பாதிப் பேர் கேட்பார்கள், மீதிப் பேர் செல்பி எடுப்பார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கூட்டத்துக்கு யார் விளக்கம் சொன்னாரோ, அந்தக் கூட்டம் இறங்கி வரும்வரை அந்த ஆள்தான் அடிவாரத்தில் நிற்கவேண்டும். இதை ஏற்படுத்தியவன் முனீப். மூதூரில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன், நல்ல மனுசன். தெரிந்த முகம் ஒன்று கீழே காத்து நிற்கிறது என்றால் சனம் நேரத்துக்கு இறங்கும் என்பது அவனுடைய கணக்கு. அது பலித்தது என்றும் சொல்லவேண்டும். விளக்கம் முடிய எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான். "போட்டு வாங்கோ."

நாங்கள் எல்லாரும் சொல்லுகிற வார்த்தைதானே. போகிற ஆளைப் பார்த்து 'போங்கோ' என்று எங்களில் ஆர் சொல்லுவோம்? 'போட்டு வாங்கோ', போய்விட்டுத் திரும்பி வாங்கோ என்போம். வெளிக்கிடுகிறவரும் 'போட்டு வாறன்' என்பார். செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வருவோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயரூபிக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவள் மலையடிக்கு வந்த முதல் நாள் அது. ஒரு நேரத்துப் பாலைப் பீய்ச்சிப் போத்தலில் வைத்துவிட்டு, நாலு மணிக்கு வீட்டில் நிற்பேன் என்று தர்சனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பிள்ளை போத்தலைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற பிள்ளை. ஆனாலும் அரை நாள்தானே என்று துணிந்தாள். எத்தனை மாதம் நாலு சுவருக்குள் இருப்பது? அவளுக்கும் ஆசை இருக்காதா?

மத்தியானம் மேலே ஏறின ஒரு பெட்டைப் பிள்ளைக்குக் குளவி குத்திவிட்டது. முகம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினாள். முனீப் அவளை ஓட்டோவில் ஏற்றிவிட்டு, தானும் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போனான். மற்றக் கூட்டங்கள் எல்லாம் இறங்கிப் போய்விட்டன. ஜெயரூபி தனிய நின்று பனரை அவிழ்த்துச் சுருட்டிக் கயிறு கட்டினாள். நேரம் பிந்திவிட்டது. நெஞ்சில் பால் கட்டத் தொடங்கியிருந்தது. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும் அந்த நோவு.

கயிற்றை முடிந்துவிட்டு நிமிர்ந்தால்... முன்னால் ஒரு ஆள் நிற்கிறார்.

வாகனச் சத்தம் கேட்கவில்லை. நாற்பது வயது மதிக்கலாம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, காலில் ரப்பர் செருப்பு. கையில் தண்ணீர்ப் போத்தல்கூட இல்லை. அந்த வெயிலில் நடந்து வந்த ஆளுக்கு நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. ஒரு மணம் மட்டும் வந்தது... மழை நின்ற பிறகு அணைந்துபோன அடுப்புச் சாம்பலின் மணம்.

மூன்று மணிக்குப் பிறகு விடுவதில்லை என்று ஜெயரூபி சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டார். குளவியைப் பற்றிச் சொன்னாள். அதையும் கேட்டார். யானையைப் பற்றிச் சொன்னாள். இத்தனை மாதத்தில் ஒருவரும் இவ்வளவு கவனமாக அவளுடைய விளக்கத்தைக் கேட்டதில்லை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோசம்கூட வந்தது. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லாமல் பாதையில் ஏறத் தொடங்கினார்.

கத்தி மறித்திருக்கலாம். ஆனால் அவளுடைய எண்ணமெல்லாம் வீட்டில் இருந்தது. போகிற முதுகைப் பார்த்ததும் வாய் தன் பாட்டில் பழகிய வார்த்தையைச் சொல்லிவிட்டது.

"போட்டு வாங்கோ."

அவர் நின்றார். திரும்பினார்.

"நான் வருமட்டும் நிப்பீங்களோ?"

"ஓம், நிப்பன்."

"முந்தியும் ஒராள் இப்பிடித்தான் சொன்னவ," என்றார் அவர். குறை சொல்கிற குரல் இல்லை, சும்மா சொல்கிற குரல். பிறகு ஏறிப் போனார். செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. சரக்... சரக்... சரக்.

ஜெயரூபி கதிரையில் இருந்தாள். சொன்ன ஆள் நிற்கவேண்டும் அல்லவா? வெயில் இறங்கியது. குரங்குகள் ஒரு தரம் கத்திவிட்டு அடங்கின. சட்டை முன்பக்கம் நனையத் தொடங்கியது, அவள் துவாயை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்போது தர்சன் போன் எடுத்தான். பின்னால் பிள்ளை வீரிட்டு அழுகிறது.

"போத்தலை வாயில வைக்கவே விடுதில்ல. நீர் எங்க நிக்கிறீர்?"

மேலே ஒருவர் நிற்கிறார், அவர் இறங்கியதும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். தர்சன் போனைப் பிள்ளைக்குக் கிட்டப் பிடித்தான். அந்த அழுகையைக் கேட்டதும் அவளுக்கு மலையும் வேண்டாம், வழக்கமும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆரோ தெரியாத மனுசனுக்காகப் பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுவதா? எழும்பினாள்.

அந்தப் பாலை மரத்தடியில் ஒரு கல்லுப் பிள்ளையார் இருக்கிறார். காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு இலைக்குழையை முறித்து முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள். ஜெயரூபி நெஞ்சில் கை வைத்து, "போட்டு வாறன் பிள்ளையாரே," என்றாள். ஸ்கூட்டியை எடுத்தாள்.

மதகு தாண்டியது. குளக்கட்டு தாண்டியது. தூரத்தில் தார் வீதி தெரிந்தது, அதில் ஒரு பஸ் உள் லைற்றைப் போட்டுக்கொண்டு போனது, யன்னலோரம் இருந்த ஆளின் தலைகூடத் தெரிந்தது. இனி ஒரே ஒரு திருப்பம். திரும்பினாள்...

முன்னால் பாலை மரம். தறப்பாள். கதிரை. அவள் அவிழ்த்துச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டிய பனர், இழுத்து விறைப்பாகக் கட்டப்பட்டு நிற்கிறது. கொண்டு போனதைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பாதை மாறிவிட்டேன் என்றுதான் நினைத்தாள். அந்த வீதியில் மாறுவதற்கு இன்னொரு பாதை இல்லை, அது அவளுக்குத் தெரியும். என்றாலும் மனம் ஏதாவது ஒரு சாட்டைத் தேடும்தானே. ஸ்கூட்டியை நிற்பாட்டினாள். மேலே, பாதையில்... சரக்... சரக். இறங்குகிற சத்தம். ஆனால் கிட்ட வரவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் மோட்டார் சைக்கிள் வெளிச்சம் தெரிந்தது. முனீப்! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முனீப் வந்து நிறுத்தினான். வெளிச்சம் நேரே அவளுடைய முகத்தில் விழுந்தது, அவள் கண்ணைச் சுருக்கினாள். முனீப் அவள் நின்ற இடத்தைப் பார்த்தான். கதிரையைப் பார்த்தான். பிறகு காட்டுப் பக்கம் திரும்பி, "தங்கச்சி!" என்று கூப்பிட்டான்.

இங்கேதான் நிற்கிறேன் என்று அவள் சொன்னாள். அவன் திரும்பவில்லை. கையைப் பிடித்து உலுப்பினாள். அவன் அந்த இடத்தில் நுளம்பு கடித்த மாதிரி ஒரு அடி போட்டுக்கொண்டான். பிறகு போனை எடுத்து நம்பரை அமத்தினான். அவளுடைய கையில் இருந்த போன் அடித்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருக்காது, அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் எடுத்தாள்.

"தங்கச்சி, ஊட்ட போய்ச் சேந்திட்டீங்களா?"

அவனுடைய குரல் வாயிலிருந்தும் வந்தது, போனிலிருந்தும் வந்தது. அவள் கத்தினாள். முனீப், உங்களுக்கு முன்னால் நிற்கிறேன், என்னைப் பாருங்கள், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

"ஒண்டும் வெளங்கல்ல தங்கச்சி. காத்துத்தான் இரையிது. செரி, பொறகு எடுக்கிறன்."

அங்கே ஒரு இலை அசையவில்லை...

முனீப் தறப்பாளடியில் இருந்த தண்ணீர்க் கானிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். ஜெயரூபி பாய்ந்து பின்சீற்றைப் பிடித்தாள். அவன் போய்விட்டான், அவளுடைய கையில் செம்மண் புழுதி மட்டும் ஒட்டியிருந்தது. ஓடி வந்து ஸ்கூட்டியை எடுத்தாள். அந்த அவதியிலும் பிள்ளையாரை மறக்கவில்லை. போட்டு வாறன் பிள்ளையாரே என்று சொல்லிக்கொண்டே முனீப்பின் சிவப்பு லைற்றைப் பிடித்தபடி பறந்தாள். மதகு. குளக்கட்டு. சிவப்பு லைற் அந்தத் திருப்பத்தில் திரும்பியது, அவளும் திரும்பினாள்.

பாலை மரம். தறப்பாள். கதிரை.

இந்தத் தரம் அவள் அழவில்லை. நிலத்தில் இருந்துவிட்டாள். இனி வீட்டுக்குப் போகமாட்டேன் என்ற பயம் அப்போதுதான் முழுதாக வந்தது. போன் திரும்பவும் அடித்தது. தர்சன். இவள் சொல்வது ஒன்றும் அந்தப் பக்கம் போகவில்லை, ஆனால் அங்கே பிள்ளை அழுவது இவளுக்கு நன்றாகக் கேட்டது. அழுது அழுது தொண்டை கட்டிப்போன அழுகை. பிள்ளை அழ அழ அவளுக்குப் பால் சுரந்து ஊற்றியது. சட்டை, துவாய், மடி எல்லாம் நனைந்து போயிற்று. கொடுக்கிறதற்குப் பால் இருக்கிறது, குடிக்கிறதற்குப் பிள்ளை அங்கே இருக்கிறது. நடுவில் இந்த மலை.

சரக்... சரக்... இப்போது கொஞ்சம் கிட்ட.

எழும்பினாள். மூன்றாம் தரம் பிள்ளையாருக்கு முன்னால் போய் நெஞ்சில் கை வைத்து, "போட்டு வா..." என்று தொடங்கியவள், அதிலேயே நின்றாள்.

போட்டு வாறன்.

போகிறேன், வருகிறேன். அவள் என்ன சொன்னாளோ அதுதானே நடந்திருக்கிறது? போனாள், வந்தாள். இரண்டு தரமும் தன் வாயாலேயே திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட்டிருக்கிறாள்.

அப்படியென்றால் மற்ற வார்த்தையைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் வாசல் படலையடியில் நின்று சொல்லாத வார்த்தை. சின்ன வயதில் அவள் ஒரு தரம் பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போது அதைச் சொல்ல, தாய் வாயில் அடித்து, திரும்ப உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் குடிக்கவைத்துத்தான் அனுப்பினாள். அந்த அடி ஞாபகம் வந்தது. வீட்டில் ஐந்து மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் அதைச் சொல்லுவாள்? நாக்கு எழும்பவில்லை. செருப்புச் சத்தம் கடைசி வளைவுக்கு வந்துவிட்டது. சாம்பல் மணம் வந்தது.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"நான் போறன். இனி வரமாட்டன்."

செருப்புச் சத்தம் நின்றது.

முதுகுக்குப் பின்னால், காதோடு காதாக, அதே குறையில்லாத குரல் கேட்டது.

"அப்ப ஆர் நிக்கிறது?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்தாள். மதகு, குளக்கட்டு, திருப்பம்... தார் வீதி. கடை லைற், கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம், வீதிக்குக் குறுக்கே படுத்திருந்த மாடு. அந்த மாட்டைக் கண்டதும் தனக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்தது என்று பிறகு சிவாஜினியிடம் சொன்னாளாம்.

வீட்டுக்குள் ஓடினாள். தர்சன் பிள்ளையைத் தூக்கிக் கையில் கொடுத்தான். கதிரையில் இருந்து சட்டையைத் தளர்த்தினாள். பிள்ளை முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தது. மணந்து பார்த்தது. பிறகு முதுகை வளைத்து, அந்நிய ஆளின் கையில் கொடுத்தால் அலறுமே, அப்படி அலறியது. அவளைத் தள்ளித் தள்ளி, தகப்பனைப் பார்த்துக் கையை நீட்டி அலறியது. தர்சன் வேறு வழியில்லாமல் மாப்பாலைக் கரைத்துப் போத்தலில் கொடுத்தான். அதுவரை போத்தலைத் தொடாத பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது.

அதற்குப் பிறகுதான் ஜெயரூபி தன் சட்டையைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. நெஞ்சில் நோவும் இல்லை, பாலும் இல்லை. அன்றைக்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

டொக்டரிடம் காட்டினார்கள். பயத்தில் பால் வற்றுவது உண்டு, பிள்ளைகள் திடீரென்று மறுப்பதும் உண்டு என்று அவர் சொன்னார். இருக்கலாம். டொக்டருக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப்போகிறது? பிள்ளை இப்போது தவழ்கிறது, நன்றாக இருக்கிறது. தாயிடம் மட்டும் போகாது. அவள் தூக்கினால் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்குமாம், சிரிக்காதாம். சிவாஜினி இதைச் சொல்லும்போது அழுதாள். ஜெயரூபி அழுவதில்லை. வேலைக்குப் போகிறாள், சமைக்கிறாள், கேட்டால் கதைக்கிறாள். பகிடி மட்டும் இல்லை. மலைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

மிச்சத்தைச் சொன்னவன் முனீப். போன மாதம், ஒரு ஞாயிறு. அன்றைக்கு அடிவாரத்தில் அவன் தனிய. குச்சவெளியிலிருந்து வந்த நாலு பொடியன்கள் பிந்தி, பொழுதுபடும் நேரத்தில் இறங்கினார்கள். முனீப் ஏசத் தொடங்க, தாங்கள் நேரத்துக்கு வந்துவிட்டதாகவும், கீழ் வளைவில் நிற்கிற அக்காவோடு கதைத்ததில்தான் பிந்தியது என்றும் ஒருவன் சொன்னான்.

எந்த அக்கா என்று முனீப் கேட்டான். அன்றைக்கு ஒரு பெண்பிள்ளையும் மலைக்கு வரவில்லை.

உங்களுடைய ஆள்தானே, விளக்கம் சொல்லுகிறவ என்றான் பொடியன். கல்லில் இருக்கிறா, துவாய் போர்த்தியிருக்கிறா, சட்டை முன்பக்கமெல்லாம் ஈரம். யாரோ மேலே நிற்கிறார்களாம், அவர்கள் வருமட்டும் தான் எழும்ப ஏலாதாம்.

முனீப் அந்த இடத்திலேயே ஜெயரூபிக்குப் போன் எடுத்தான். அவள் எடுத்தாள். வீட்டில்தான், குசினியில், பின்னால் தாளிக்கிற சத்தம். அவன் போனை வைத்துவிட்டான். அந்தக் கல்லில் இருந்தவ வேறு ஏதும் கேட்டாவா என்று பொடியனிடம் கேட்டான்.

"ஒண்டுதான் முனீப் நானா, அவ கேட்டவ. பிள்ளை பால் குடிச்சிட்டுதோ எண்டு ஆரிட்டயாவது ஒருக்கா விசாரிச்சுச் சொல்லட்டாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாவமாக் கிடந்தது நானா. நாலு பேரும் சொன்னனாங்கள்... நில்லுங்கோ அக்கா, கேட்டுக்கொண்டு வாறம் எண்டு."